கத்தருக்குப் பின்பாட்டு

கேள்வி, 6 ஆகஸ்ட் 2023, இரவு
"ஆந்திராவுல பாடினவருக்கு ராயபுரத்துலயும் கொருக்குப்பேட்டையிலயும் எதுக்கு இத்தனை ஸ்டேட்டஸ்? பாஷையே புரியாது. நம்ம ஏரியா கானாக்காரர் செத்தப்ப ஒருத்தரும் ஒரு வரி போடல. சும்மா ஃபேஷன்பா இது."

7 ஆகஸ்ட் 2023, காலை
முதலில் ஊரைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். நேற்று செத்துப்போன புரட்சிப் பாடகர் கத்தர் தெலங்கானாக்காரர், மேடக் பக்கம் தூப்ரான். நிஜப்பெயர் கும்மடி விட்டல் ராவ். தனித் தெலங்கானாவுக்காக மேடை மேடையாகப் பாடியவரை ஆந்திராக்காரர் என்று அந்த ஊரில் போய்ச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள், பார்க்கலாம்.

பாஷை புரியாது என்பது உங்கள் தெருவுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் சந்தில் பாதி வீட்டில் தெலுங்குதான். வாசலில் தமிழ், உள்ளே தெலுங்கு, சண்டை வந்தால் ரெண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரை அவர் பிள்ளைகள் நைனா என்று கூப்பிட்டார்கள், அதனால் நாங்களும் நைனா என்றே கூப்பிட்டோம். மாநகராட்சிக் குப்பை லாரியில் வேலை. சம்பந்தி வீடு சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம். போய் வரும்போது பையில் கருவாடும் கேசட்டும் சேர்ந்தே வரும். லேபிள் கிழிந்த கேசட், மூடியைத் திறந்தால் கருவாட்டு வாசம். அதில்தான் இந்தக் குரலை முதலில் கேட்டேன்.

ஃபேஷன் என்கிறீர்கள். அந்தக் காலத்தில் நைனா சன்னலைச் சாத்திவிட்டுத்தான் டேப்பைப் போடுவார். நக்சலைட்டுகளின் மக்கள் யுத்தக் கட்சியோடு சேர்த்துப் பேசப்பட்ட குரல் அது. யாராவது போட்டுக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயம். ஆனால் சத்தத்தைக் குறைக்க மாட்டார். சன்னலைச் சாத்தி என்ன பிரயோஜனம் என்று அம்மா கேட்டதுண்டு.

கானாக்காரர் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

7 ஆகஸ்ட், இரவு
நாள் முழுக்கத் தெலுங்குச் சேனல். எல்.பி. ஸ்டேடியத்தில் உடலை வைத்திருந்து, அங்கிருந்து ஆல்வாலுக்கு ஊர்வலம். அவரே தொடங்கிய மகாபோதி பள்ளி வளாகத்தில் பௌத்த முறைப்படி அடக்கம், அரசு மரியாதையோடு. அந்தக் கூட்டத்திலேயே அவருடைய நெருங்கிய நண்பர், 'சியாசத்' நாளிதழின் நிர்வாக ஆசிரியர் ஜஹீருத்தீன் அலி கான் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு சாவு ஊர்வலத்தில் இன்னொரு சாவு.

அரசு மரியாதை என்றதும் வீட்டில் எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1997 ஏப்ரல் 6ஆம் தேதி வீட்டுக்கு வந்து சுட்டார்கள் இவரை. எடுக்க முடிந்த குண்டுகளை எடுத்தார்கள். முதுகெலும்பில் சிக்கிய ஒன்றை எடுத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். இதற்குப் பின்னால் போலீஸ் இருக்கிறது என்று குற்றம் சாட்டியவர். அந்தக் குண்டு உள்ளே இருக்க, வெளியே காக்கிச்சட்டைகள் அணிவகுத்து மரியாதை.

நைனாவின் மூத்த மகன் ஒன்றும் சொல்லவில்லை. "டீ போடட்டா?" என்று எழுந்து போனான்.

8 ஆகஸ்ட்
குண்டு பட்டுத்தான் செத்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்தக் குண்டோடு 26 வருஷம் ஆடிப் பாடியவர். இப்போது இதய அறுவை சிகிச்சை, அப்புறம் நுரையீரல் கோளாறு. வயதை ஒரு பேப்பர் 74 என்கிறது, இன்னொன்று 77 என்கிறது.

இன்னொன்று. 1979ல் வந்த 'மா பூமி' படத்தில் அவர் வந்து பாடும் பாட்டு, நிஜாம் சர்க்காரை நோக்கிப் பாடுவது, அவர் எழுதியது இல்லை. தெலங்கானா ஆயுதப் போராட்டக் காலத்தில் பண்டி யாதகிரி கட்டியது. படத்தை இயக்கியவர் கௌதம் கோஷ், தயாரித்தவர் பி. நரசிங் ராவ். பாடியவர் பெயரில் பாட்டு ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கானாவில் கேட்கவே வேண்டாம்.

9 ஆகஸ்ட்
"அப்படி என்னதான் இருக்கு அந்தப் பாட்டுல? கத்துறாரு" என்று கேட்ட தம்பிக்கு.

கத்துகிறார்தான். மைக் இல்லாத ஊர்களில் பாடிப் பழகிய தொண்டை அது. ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டது என்று பார். எஞ்சினியரிங் படிக்கப் போனவர், அப்புறம் கனரா வங்கியில் குமாஸ்தா. 1984ல் அந்த வேலையை விட்டார். அதற்கு முன்னாலேயே, 1971 வாக்கில், மேலே சொன்ன நரசிங் ராவ்தான் இவரை எழுதத் தூண்டியவர். எழுதிய முதல் பாட்டே ரிக்ஷாக்காரரை நிறுத்திப் பேசும் பாட்டு. அதே காலத்தில்தான் நம் ஊரில் கைரிக்ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். யானைகவுனி மேம்பாலத்தில் ரிக்ஷாவைத் தள்ளிக்கொண்டு ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

1972ல் ஜன நாட்டிய மண்டலி என்ற பாட்டுக் குழு. அதன் சூட்சுமம் எளிது. புதிய மெட்டு போடுவதில்லை. நாற்று நடும்போது பாடுவது, பிள்ளையைத் தூங்க வைப்பது, செத்த வீட்டில் பாடுவது, இப்படி ஊரில் ஏற்கெனவே இருக்கும் மெட்டை எடுத்துக்கொள்வது. வார்த்தையை மட்டும் மாற்றுவது. கேட்பவருக்குப் பாதிப் பாட்டு முன்னமே தெரியும். மீதிப் பாதியைக் கேட்டுக்கொண்டால் போதும், மூன்றாவது சுற்றில் கூடவே பாடிவிடலாம். தெலுங்குக் கதைப்பாட்டான புர்ரகதையில் ஒருவர் கதை சொல்ல இருபக்கமும் இருவர் வாங்கிப் பாடுவார்களே, அந்த அமைப்பு. நம் வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவருக்கு உள்ள இடம். இதில் அந்த இடம் இன்னும் பெரிது. முன்பாட்டுக்காரர் கேள்வியை எறிவார், பின்பாட்டு அதைப் பிடித்துத் திருப்பி எறியும். டப்பும் டோலக்கும் நடுவில். தோளில் கொங்கடிக் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை, மேலே சட்டை கிடையாது.

நான் நேரில் பார்த்தது ஹைதராபாதில், தெலங்கானாப் போராட்டம் சூடாக இருந்த சமயம். வேலை விஷயமாகப் போனவன், கூட்டம் என்று தெரிந்து போய் நின்றேன். பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுப் பேசுகிறார். சரி, பேச்சு என்று கைகட்டி நின்றால், எந்த இடத்தில் பேச்சு மறுபடி பாட்டானது என்று பிடிபடவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா என் முழங்கையை இடித்து, நீயும் பாடு என்று சைகை காட்டினார். பாதி வார்த்தை தெரியாமல் பாடினேன். அதுவரை பாடாமல் நின்றவன் நான் ஒருவன்தான் போல.

1990ல் தடை நீங்கி வெளியே வந்து நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடியபோது லட்சத்துக்கு மேல் கூட்டம் என்பார்கள். அதற்கு முன் ஐந்து வருஷம் தலைமறைவு. 1985ல் காரம்சேடுவில் தலித்துகளைக் கொன்றதை எதிர்த்து ஊர் ஊராகப் பாடப் போய், வீட்டில் போலீஸ் புகுந்து, அப்படியே காணாமல் போனவர்.

9 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து
பெரம்பூர் நண்பர் கேட்கிறார், பின்னி மில்லுக்கு இப்படி ஒரு பாட்டு உண்டா என்று. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய இடம், 1921ல் அத்தனை பெரிய வேலைநிறுத்தம், 1996ல் மூடல். இத்தனைக்கும் ஒரு பாட்டாவது எங்கள் பக்கம் என் காதில் விழுந்ததில்லை. யாருடைய தாத்தாவாவது பாடியிருந்தால் எழுதுங்கள், நாலு வரி போதும்.

11 ஆகஸ்ட்
"கடைசியில் மாறிப்போனவர், அவருக்கு எதற்கு அழுகை?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

ஆமாம், மாறினார். வாக்கே போடாதே என்று பாடிய மேடைகளிலிருந்து வந்தவர், 2018ல் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். கோயிலுக்குப் போனார். அம்பேத்கரையும் அரசியல் சட்டத்தையும் தூக்கிப் பிடித்தார். 2022ல் மதபோதகர் கே.ஏ. பால் நடத்தும் கட்சி சார்பில் முனுகோடு இடைத்தேர்தலில் நிற்கப் போவதாகச் செய்தி வந்தது, அப்புறம் நிற்கவில்லை. அதைப் படித்த அன்று நான் சாப்பிடும்போது சிரித்துப் புரையேறிவிட்டது. சாவதற்கு ஒரு மாதம் முன்னால் கம்மம் கூட்டத்தில் ராகுல் காந்திக்கு முத்தம் கொடுத்தார். அதற்குச் சற்று முன்புதான் தனியாக ஒரு கட்சி அறிவித்திருந்தார்.

துரோகி என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் விலகிப் போன மாவோயிஸ்டுக் கட்சியே இரங்கல் அறிக்கை விட்டிருக்கிறது. அவர்களுக்கு இல்லாத கோபம் கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எதற்கு?

என் குறை வேறு. கடைசிப் பத்து வருஷத்து வீடியோக்களைப் பாருங்கள். டிவி ஸ்டுடியோ, எதிரே பேட்டி எடுப்பவர், இவர் நாற்காலியில். ஒரு வரி பாடுகிறார். பாடிவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார். பழக்கம் அது, பின்பாட்டு வரவேண்டிய இடம். அங்கே யாரும் இல்லை. பேட்டி எடுப்பவர் தலையாட்டுகிறார். இவரே அந்த வரியையும் பாடிக்கொள்கிறார். எந்தக் கட்சிக்குப் போனார் என்பதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. கூடப் பாடியவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் பிரிந்தார்கள், சிலர் வேறு பாட்டுக்குப் போனார்கள். உத்தராந்திராவின் வங்கபண்டு பிரசாத ராவ் 2020 ஆகஸ்ட் 4ல் போனார். கொரோனா காலம், நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை.

அதனால் 2023ல் அழுத அழுகையில் பாதி பழைய பாக்கி.

12 ஆகஸ்ட்
"கே.ஏ. பால் விஷயத்தை எடுத்துவிடுங்கள், மரியாதையாக இல்லை" என்று ஒருவர். எடுக்க மாட்டேன். செத்தவரைப் பற்றிச் சிரிக்கக்கூடாது என்றால் எங்கள் ஏரியாவில் பதினாறாம் நாள் நடத்தவே முடியாது.

20 ஆகஸ்ட்
கானா பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றேன்.

கேள்வி கேட்டவர் சொன்னது உண்மைதான். ஊரில் யார் செத்தாலும் ராத்திரி முழுக்கப் பாடுகிறவர் செத்தால், அவருக்குப் பாடுவதோடு சரி. பேப்பரில் வராது. கானா பாலா மாதிரி சினிமாவுக்குப் போனவர்களை ஊருக்குத் தெரியும். 2018ல் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறியபோது நாங்கள் போய்க் கத்திவிட்டு வந்தோம். ஆனால் அந்த மேடைகளுக்கு வராமல், பந்தல் வெளிச்சத்தில் பாடி, கையில் கொடுத்த நோட்டை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் முதல் பஸ் பிடித்துப் போனவர்கள்தான் பெரும்பாலானோர்.

நைனா செத்தது இதற்கெல்லாம் பல வருஷம் முன்பு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் புளியந்தோப்பிலிருந்து ஒரு கானாக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். டோலக் ஒருவர், புல்புல்தாரா ஒருவர். அப்பா பற்றிய பாட்டு, அம்மா பற்றிய பாட்டு, அம்பேத்கர் பாட்டு எல்லாம் ஆனது. நடுராத்திரிக்கு மேல் மூத்த மகன் போய், "அண்ணே, கத்தர் பாட்டு ஒண்ணு பாடணும்" என்றான். அவருக்குத் தெலுங்கு தெரியாது. கத்தரையும் தெரியாது. "மெட்ட மட்டும் சொல்லு நைனா" என்றார், இவனைப் பார்த்து. வடசென்னையில் யார் யாரை வேண்டுமானாலும் நைனா என்று கூப்பிடலாம், ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தலில் அந்த வார்த்தை விழுந்ததும் உள்ளே பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இவன் வரியைச் சொல்லவில்லை, தன்னானே போட்டு மெட்டை மட்டும் பாடிக்காட்டினான். கானாக்காரர் டோலக்காரர் பக்கம் திரும்பி ரெண்டு தட்டு தட்டச் சொன்னார். அப்புறம் எங்களிடம் விசாரணை. "இன்னா வேல?" குப்பை லாரி. "எந்த ரூட்டு?" மணலி ரோடு, கொடுங்கையூர் கிடங்கு. "கூட இன்னார்லாம்?" லாரியில் கூட வேலை செய்தவர்கள் நாலைந்து பேர் பந்தலிலேயே இருந்தார்கள். அவர்கள் பெயர்களையும் வாங்கிக்கொண்டார். டீ குடித்தார். குடித்து முடித்தபோது பாட்டு தயார்.

கொடுங்கையூர் வாசலில் லாரி நிற்கிறது, ஓட்டுறவன் இருக்கான், தள்ளுறவன் எங்கே என்று கேட்கிற பாட்டு. தள்ளுறவன் எங்கே என்ற இடத்தில் நிறுத்தி, லாரிக்காரர்களைப் பார்த்துக் கையை நீட்டினார். முதல் தடவை அவர்களுக்குப் புரியவில்லை. ரெண்டாவது தடவை ஒருவர் வாங்கினார். நாலாவது சுற்றில் பந்தலே வாங்கியது. நைனா தம்பி எழுந்து ஆடினார். நடக்கவே கம்பு ஊன்றுகிற மனுஷன்.

ஜன நாட்டிய மண்டலி எப்படிப் பாட்டுக் கட்டியது என்று பிற்பாடு நான் படித்ததெல்லாம் அன்றைக்கு என் கண்ணெதிரே நடந்தது. அந்தக் கானாக்காரருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கத்தருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ரெண்டு பேருமே சாவு வீட்டு மெட்டிலிருந்து வந்தவர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டை யாரும் பதியவில்லை. அடுத்த ஆண்டு திதிக்கு அவரைத் தேடியபோது போன் நம்பர் மாறியிருந்தது.

23 ஆகஸ்ட்
சிலர் கானாவையும் கத்தரையும் ஒன்றாக்காதே என்கிறார்கள். அவருக்குப் பின்னால் கட்சி, கொள்கை. கானாவில் காதல் தோல்வியும் சரக்கும். சரி, இருக்கட்டும். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு குப்பை லாரித் தொழிலாளியின் பெயரைப் பாட்டில் ஏற்றி, அவன் கூட்டாளிகளை அதைப் பாட வைத்ததில் என்ன கொள்கை குறைந்தது? இன்னொரு பக்கம், இப்போது வருகிற யூடியூப் கானாவில் டிராக் போட்டு ஒற்றை ஆள் பாடுகிறான், கூட ஆட நாலு பேர், கூடப் பாட ஒருவரும் இல்லை. கத்தரைப் பற்றிச் சொன்ன அதே குறை.

1 பிப்ரவரி 2024
செய்தி பார்த்தீர்களா? தெலுங்கு சினிமாவுக்கு அரசு தந்த நந்தி விருதுக்குப் பதிலாக இனி கத்தர் பெயரில் விருது என்று தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி அறிவித்துவிட்டார். 1995ல் வந்த 'ஒரே ரிக்ஷா' படத்துக்கு இவர் எழுதிய அண்ணன் தங்கைப் பாட்டுக்குக் கிடைத்த நந்தி விருதை வேண்டாம் என்றவர் இவர். வேண்டாம் என்றவர் பெயரையே விருதுக்கு வைத்துவிட்டால், அப்புறம் யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? கெட்டிக்காரத்தனம்தான்.

29 ஜனவரி 2025
பத்ம விருது கத்தருக்குக் கிடையாது என்று மத்திய அமைச்சர் பண்டி சஞ்சய் பேசியதை வைத்து இங்கே சண்டை போடாதீர்கள். உயிரோடு இருந்திருந்தால் வாங்கியிருப்பாரா என்று யோசித்தேன். 1995 ஆள் வாங்கியிருக்க மாட்டார். 2023 ஆள்? வாங்கியிருக்கலாம். வாங்கிவிட்டு மேடையில் ஒரு பாட்டுப் பாடி, பக்கத்தில் நின்றவர்களைக் கூடப் பாடச் சொல்லிச் சங்கடப்படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த அளவு சலுகை அவருக்குத் தருவேன்.

16 ஜூன் 2025
கத்தர் விருது விழா முடிந்துவிட்டது, எல்லோரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். கத்தரும் கடைசிக் காலத்தில் கோட்டு போட்டவர்தான், அதனால் அதைக் கிண்டல் பண்ண எனக்கு வழியில்லை.

புதிதாக வந்த தம்பி எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்கிறான். சினிமாப் பாட்டில் ஆரம்பிக்காதே. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆர்கெஸ்ட்ரா எல்லாவற்றையும் மூடிவிடும். ஸ்டுடியோப் பேட்டிகளும் இப்போதைக்கு வேண்டாம். கூட்டத்தில் பதிந்த பழைய கேசட்டுகளை யாராவது ஏற்றியிருப்பார்கள், இரைச்சலாக இருக்கும், நாய் குரைக்கும், மைக் கீச்சிடும். அதைத் தேடு. தெலுங்கு தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், கொருக்குப்பேட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. ஹெட்போன் வேண்டாம், வெளியே வை. ரெண்டு பேர் வாங்கிப் பாடும் இடம் வரும்போது நீயும் வாங்கு, வார்த்தை தப்பானாலும் பரவாயில்லை. சன்னலை உன் இஷ்டம்.